ஆட்டத்தில் புது விதி எங்கே?



இலக்கியமும் சினிமாவும் பேசிப் பழகிய மேடையில் வீடியோ கேம் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி. பிள்ளைகள் நேரத்தை வீணடிக்கும் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. வீடியோ கேம் ஒரு கலை. கலை என்று ஒப்புக்கொண்டால் கதையிடமும் படத்திடமும் நாம் கேட்கும் கேள்வியை இதனிடமும் கேட்டாக வேண்டும்: இதில் புதிதாக என்ன இருக்கிறது? இன்று கடைகளை நிறைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் கேம்களில் பலவற்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இங்கே இருப்பவர்களில் பலர் கேண்டி கிரஷ் ஆடியிருப்பீர்கள். ஒரே நிற மிட்டாய் மூன்றை வரிசையில் சேர்த்தால் மறையும்; மேலிருந்து புது மிட்டாய்கள் விழும். 2012ல் கிங் என்ற நிறுவனம் இதை வெளியிட்டது. ஆனால் மூன்றைச் சேர்த்து மறையவைக்கும் யோசனை கிங்குடையது இல்லை. 2001ல் பாப்கேப் நிறுவனத்தின் பிஜுவெல்டு இதையே ரத்தினக் கற்களை வைத்துச் செய்தது. அதற்கும் முன்பு, 1994ல், ரஷ்யாவைச் சேர்ந்த எவ்கேனி அலெம்ஜின் ‘ஷாரிக்கி’ என்ற பெயரில் வண்ண உருண்டைகளை வைத்துச் செய்துவிட்டார்.

அப்படியானால் கேண்டி கிரஷ் கூட்டிச் சேர்த்தது என்ன? விதவிதமான கட்டங்கள், சிறப்பு மிட்டாய்கள், வண்ணம், இசை எல்லாம் உண்டு. ஆனால் அதன் வருமானத்தைத் தாங்கும் யோசனை வேறு. உங்களுக்கு ஐந்து உயிர்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். ஐந்தும் போய்விட்டால் காத்திருக்கலாம், ஃபேஸ்புக் நண்பரிடம் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள். ஆட்டக்காரர் எந்த நிமிடத்தில் பொறுமை இழப்பார் என்று தெரிந்து, சரியாக அந்த இடத்தில் கல்லாவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். 2015ல் ஆக்டிவிஷன் பிளிசார்டு 590 கோடி டாலருக்கு கிங்கை வாங்குவதாக அறிவித்தது. எனக்கு வருத்தம் தருவது அந்தத் தொகை இல்லை. பலகையில் செலவாக வேண்டிய மூளை கல்லாவில் செலவாகிவிட்டதே என்பதுதான். ஆடும் விதி பழையது. வசூலிக்கும் விதி மட்டும் புதியது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். போலச் செய்வது அவ்வளவு பெரிய குற்றமா? எந்தக் கலைதான் முன்னோரைப் பார்த்து வளரவில்லை? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். வீடியோ கேம் தொழிலின் முதல் பெரிய வெற்றியே பார்த்துச் செய்ததுதான். 1972ல் ரால்ஃப் பேயர் உருவாக்கிய ஒடிசி என்ற கருவியை மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் ஆடும் டேபிள் டென்னிஸ் அதில் இருந்தது. கலிஃபோர்னியாவில் நடந்த செயல்விளக்கத்தில் நோலன் புஷ்னெல் அதைப் பார்த்தார். பிறகு அவரது அட்டாரி நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் என்ற பொறியாளர் செய்த ஆட்டம்தான் பாங். மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. 1976ல் அட்டாரி சமரசத்துக்கு வந்து உரிமம் பெற்றுக்கொண்டது.

ஆனால் ஆல்கார்ன் என்ன செய்தார் என்று கிட்டப் போய்ப் பாருங்கள். ஒடிசியில் சத்தம் கிடையாது. புள்ளிக் கணக்கைத் திரை காட்டாது. ஆல்கார்ன் இரண்டையும் சேர்த்தார். அது மட்டுமா? பந்தடிக்கும் மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்தார். பந்து நடுவில் பட்டால் நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் கோணமாகப் பாயும். பந்து மாறி மாறி அடிபட அடிபட வேகமும் கூடும். இதனால் பந்தைத் தடுப்பதோடு ஆட்டக்காரரின் வேலை முடியவில்லை. எதிராளியால் எட்ட முடியாத மூலைக்கு அனுப்ப யோசிக்க வேண்டியதாயிற்று. கடன் வாங்கிய யோசனைக்கு ஆல்கார்ன் வட்டியோடு திருப்பித் தந்தார். ஆகவே, பிறரிடமிருந்து எடுப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. எடுத்ததோடு எதையாவது சேர்த்தாயா என்பதே என் கேள்வி.

இன்னொரு வாதமும் உண்டு. பணத்துக்காகச் செய்தால் புதுமை வராது என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1978ல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸை உருவாக்கினார். திரையில் வேற்றுக்கிரகவாசிகள் நிறைய இருக்கும்போது அந்தக் காலத்துச் செயலி திணறியது. அவர்கள் சாகச் சாக மிச்சமிருப்பவர்கள் வேகமெடுத்தார்கள். அதைக் கோளாறு என்று திருத்தாமல் நிஷிகாடோ அப்படியே விட்டுவைத்தார். ஆட்டத்தின் பதற்றமே அதில்தான் பிறந்தது. 1980ல் நாம்கோவில் டோரு இவாடானி, ஆண்கள் மட்டும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த ஆர்கேடுகளுக்குப் பெண்களும் ஜோடிகளும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டார். பேக்மேன் வந்தது. மறு வருடம் நின்டெண்டோவின் ரேடார் ஸ்கோப் ஆட்டப் பெட்டிகள் அமெரிக்காவில் விலை போகாமல் தேங்கிக் கிடந்தன. அந்தப் பெட்டிகளுக்குள் வைக்கப் புது ஆட்டம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. பாப்பாய் பாத்திரங்களைப் பயன்படுத்த உரிமை கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதுவரை தலைமை ஏற்று எந்த கேமையும் உருவாக்கியிராத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் பொறுப்பு வந்தது. அவர் தந்தது டாங்கி காங். மூன்றுமே வியாபாரத்துக்குச் செய்யப்பட்டவை. மூன்றுமே அதுவரை இல்லாதவை.

ஆக, குற்றவாளி பணம் இல்லை. பயம். போட்ட பணம் பெருகப் பெருகக் கூடவே வளரும் பயம்.

இந்தப் பயத்தின் அளவை எண்களில் காட்ட முடியும். மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்குவதை எதிர்த்து அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023ல், சோனி நிறுவனத்தின் ஆவணங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. மறைக்க வேண்டிய வரிகளைச் சரியாக மறைக்காததால் உலகம் முழுவதும் அவற்றைப் படித்துவிட்டது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடிக்கும் மேல். நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் உழைத்த வேலை. இவ்வளவு பணத்தை ஒரே கேமில் இறக்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “இது எதைப் போல இருக்கும்?” என்பதுதான். எதைப் போலவும் இருக்காது என்ற பதில் அந்த அறையில் எடுபடாது. ஏற்கெனவே விற்ற ஒன்றின் பெயரைச் சொன்னால்தான் காசோலையில் கையெழுத்து விழும்.

கையெழுத்து விழுந்த பிறகு என்ன நடக்கிறது? கிட்டார் ஹீரோவைப் பாருங்கள். 2005ல் பிளாஸ்டிக் கிட்டாரோடு வந்தபோது வீடுகளில் கொண்டாட்டம். அது ஆக்டிவிஷன் கைக்குப் போனது. 2009ஆம் ஆண்டு மட்டும் மெட்டாலிகா, ஸ்மாஷ் ஹிட்ஸ், கிட்டார் ஹீரோ 5, டி.ஜே. ஹீரோ, பேண்ட் ஹீரோ, வான் ஹேலன் என்று வரிசையாக இறக்கினார்கள். மக்கள் களைத்துப் போனார்கள். 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடினார்கள். யூபிசாஃப்டின் அசாசின்ஸ் கிரீட் 2009இலிருந்து வருடம் தவறாமல் வந்தது. 2014ல் யூனிட்டி வந்தபோது மனித முகத்தில் தோல் வரையப்படாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2016ல் வருடாந்தர ஓட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டது. 2017ல் ஆரிஜின்ஸ் தேறி வந்தது. கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் வேலை தேறும் என்பதற்கு அந்த ஒரு வருடமே சாட்சி.

இன்னும் அண்மையில், சோனி வெளியிட்ட கான்கார்டு. 2016ல் ஓவர்வாட்ச் வென்றதைப் பார்த்து அதே வகையில் வருடக்கணக்கில் செய்தார்கள். வெளியானது 2024 ஆகஸ்ட் 23. செப்டம்பர் 6ஆம் தேதி நிறுத்திவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அதைச் செய்த ஃபயர்வாக் ஸ்டூடியோவையும் மூடினார்கள். பிறர் வென்ற ஆட்டத்தைப் பார்த்துச் செய்தால் பணம் பத்திரம் என்பது பொய்க் கணக்கு. நாம் செய்து முடிப்பதற்குள் அந்த ஆட்டத்தை ரசித்தவர்கள் வேறு எங்கோ போயிருப்பார்கள், அல்லது பழையதிலேயே நிம்மதியாக இருப்பார்கள்.

கேம் ஆடாதவர்களுக்காக, இந்தச் சலிப்பு ஆட்டத்துக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன உறுப்பை எடுத்துக் காட்டுகிறேன். அது கோபுரம். 2007ல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீடில் உயரமான கோபுரத்தில் ஏறி நின்றால் சுற்றுப்புறம் வரைபடத்தில் திறந்துகொள்ளும். அப்போது அது புதிது, அழகு. 2012ல் ஃபார் க்ரை 3 கேமில் அது வானொலிக் கோபுரமாயிற்று. 2014ல் வாட்ச் டாக்ஸ் கேமிலும் வந்தது. மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. நாளாக நாளாக, கோபுரத்தில் ஏறியதும் வரைபடம் முழுக்கக் குறிகள் கொட்டும் நிலை வந்தது: இங்கே புதையல், இங்கே எதிரி முகாம், இங்கே இறகு. அதன்பின் ஆட்டக்காரர் உலகத்தைப் பார்ப்பதில்லை. குறிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறார். இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? சம்பளமில்லாத வேலை.

2017ல் நின்டெண்டோவின் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு வந்தது. அதிலும் கோபுரம் உண்டு. ஏறினால் நிலப்பரப்பு மட்டும் வரைபடத்தில் தெரியும். குறி எதுவும் விழாது. நீங்கள் மேலே நின்று தொலைநோக்கியால் சுற்றிப் பார்க்க வேண்டும். அதோ ஏதோ ஒளிர்கிறது, அந்த மலையின் வடிவம் விசித்திரமாக இருக்கிறது என்று நீங்களே குறி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கோபுரம்தான். அங்கே நிறுவனம் நமக்கு வேலைப் பட்டியல் கொடுத்தது. இங்கே நம் கண்ணுக்கு வேலை கொடுத்தது. இதை மாற்றப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கோபுரத்தில் ஏறுகிறவனுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று மறுபடி அடியிலிருந்து யோசித்த ஆள் வேண்டியிருந்தது.

யோசிக்கும் அந்த ஆளை மறக்கும்போதெல்லாம் இந்தத் தொழில் அடி வாங்கியிருக்கிறது. 1976ல் வார்னர் நிறுவனம் அட்டாரியை வாங்கியது. கேம் எழுதுகிறவர்களின் பெயரை அட்டாரி அட்டைப்பெட்டியில் போடவில்லை. வாரன் ராபினெட் என்பவர், தான் செய்த அட்வென்ச்சர் கேமுக்குள் ரகசிய அறை ஒன்றைக் கட்டி, அங்கே தன் பெயரை ஒளித்துவைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். டேவிட் கிரேன் உள்ளிட்ட நான்கு புரோகிராமர்கள் மரியாதையும் பங்கும் கேட்டார்கள், கிடைக்காமல் வெளியேறினார்கள், 1979ல் சொந்த நிறுவனம் தொடங்கி, செய்தவர் பெயரைப் போட்டே கேம்களை விற்றார்கள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் கேம் செய்யலாம் என்றாகி, ஓட்ஸ் விற்கும் குவாக்கர் நிறுவனம்கூட ஒரு கேம் பிரிவை வைத்துக்கொண்டது. அலமாரி முழுக்க ஒன்றைப் போலவே இன்னொன்று. 1982 கிறிஸ்துமஸுக்கு ஈ.டி. படத்தின் கேம் வர வேண்டும் என்று அட்டாரி முடிவு செய்தபோது, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். திறமையானவர், அதே ஆண்டில் வெளியான அவரது யார்ஸ் ரிவெஞ்ச் நல்ல பெயர் வாங்கியது. ஐந்து வாரத்தில் யாரால் என்ன செய்ய முடியும்? விற்காத பெட்டிகளை 1983ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014ல் தோண்டியெடுத்தபோது ஈ.டி. உட்படப் பல கேம்கள் கிடைத்தன. அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் சந்தையே சரிந்து போனது.

அந்த நான்கு புரோகிராமர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஆக்டிவிஷன். செய்தவனுக்கு மரியாதை வேண்டும் என்று பிறந்த அதே நிறுவனம்தான் முப்பது வருடம் கழித்து கிட்டார் ஹீரோவை வருடத்துக்கு ஆறாகப் பிழிந்தது. நிறுவனத்தின் பெயர் நிலைத்தது. தொடங்கியபோது இருந்த நெஞ்சு நிலைக்கவில்லை.

பெரிய நிறுவனம் பயப்படுகிறது, சரி. சிறியவர்கள் துணிந்து புதிது செய்தால்? அவர்களுக்கு வேறு ஆபத்து. 2014 பிப்ரவரியில் த்ரீஸ் என்ற கேம் வந்தது. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட், இசைக்கு ஜிம்மி ஹின்சன், அவ்வளவுதான் குழு. நான்குக்கு நான்கு கட்டம். 1ம் 2ம் சேர்ந்தால் 3. அதன் பிறகு 3ம் 3ம் 6, 6ம் 6ம் 12. விரலால் தள்ளினால் அட்டைகள் ஒரே ஒரு கட்டம் நகரும். பார்த்தால் ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம் போல இருக்கும். ஆனால் இதைச் செய்ய அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எண்களை வேறு உருவங்களுக்குள் ஒளித்துப் பார்த்தார்கள். விதிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு எளிமைக்குத் திரும்பினார்கள். தங்களுக்குள் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைப் பிறகு வெளியிட்டார்கள். எளிமை எவ்வளவு உழைப்பைக் குடிக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

சில வாரங்களில் 1024 என்று ஒரு நகல் வந்தது. மார்ச் மாதம், 19 வயது இத்தாலிய இளைஞர் கேப்ரியெலே சிருல்லி ஒரு வார இறுதியில் 2048 எழுதி இணையத்தில் இலவசமாக விட்டார். எதைப் பார்த்துச் செய்தேன் என்று அந்தப் பக்கத்திலேயே சொன்னார், காசு கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. விளம்பரம் ஒட்டிய 2048கள் ஆப் கடைகளில் வெள்ளமாகப் பாய்ந்தன. காசு கொடுத்து வாங்க வேண்டிய த்ரீஸைப் புதிதாகப் பார்த்தவர்கள் “இது 2048 காப்பியா?” என்று கேட்டார்கள். உழைத்தவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் காட்ட வேண்டியதாயிற்று.

சட்டம் காப்பாற்றாதா? ஓரளவுக்குத்தான். பதிப்புரிமை, யோசனையைக் காப்பதில்லை. அந்த யோசனைக்குக் கொடுத்த வடிவத்தைக் காக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், ஒரு நாடகத்தையும் ஒரு சினிமாவையும் வைத்து இதையே சொன்னது. கேமில் விதி என்பது யோசனை. 2012ல் டெட்ரிஸ் நிறுவனம் எக்சியோ என்ற நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் டெட்ரிஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது; ஆனால் காரணம், தோற்றத்தை அப்படியே எடுத்தார்கள் என்பது. விதியை மட்டும் எடுத்துக்கொண்டு உருவத்தை மாற்றியிருந்தால் கதை வேறு. விதியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாமல் இருப்பது நல்லதுதான் என்றே நான் சொல்வேன். விதிக்கு வேலி போட்டிருந்தால் பாங் வந்திருக்காது. ஆனால் சட்டம் காக்காத இடத்தில் மரியாதை காக்க வேண்டும். அந்த மரியாதை கடைக்காரரிடமிருந்தும் ஆட்டக்காரரிடமிருந்தும்தான் வர முடியும்.

நம்பிக்கையோடு பேசவும் காரணம் இருக்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்காரியின் பாபா இஸ் யூ 2019ல் வந்தது. அதில் ஆட்டத்தின் விதிகளே திரையில் சொற்கட்டைகளாகக் கிடக்கும். ‘சுவர் என்பது தடை’ என்று மூன்று கட்டைகள் வரிசையில் இருக்கும்வரை சுவரைத் தாண்ட முடியாது. ‘தடை’ என்ற கட்டையைத் தள்ளிவிட்டால், சுவருக்குள் சாவகாசமாக நடந்து போகலாம். ‘சுவர் என்பது நீ’ என்று மாற்றினால் நீங்களே சுவர். ஐம்பது வருடமாக எல்லோரும் விதிக்குள் ஆடிக்கொண்டிருக்க, இவர் விதியையே ஆட்டக்காயாக்கிவிட்டார். இதற்கு 22 கோடி டாலர் தேவைப்படவில்லை.

நம் மொழிக்காரர் கதை ஒன்றும் இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட வெண்பா. 1988ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை யூகித்து இட்லி அவிக்க வேண்டும். பிரியாணி செய்ய வேண்டும். சமையல் கேம்கள் முன்பே உண்டு. அவற்றில் கடிகாரம் விரட்டும், வாடிக்கையாளர் முறைப்பார். வெண்பா கடிகாரத்தை எடுத்துவிட்டது. அதனால் சமைப்பது நினைவுகூர்வதாக மாறியது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன கேம். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அதற்குச் சிறந்த அறிமுக கேம் விருது கொடுத்தது. யாரையும் போல இருக்க முயலாமல், தன் வீட்டுக்குள் பார்த்ததை உண்மையாகச் சொன்னதற்குக் கிடைத்த மரியாதை அது.

இங்கே கணினி படிக்கும் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்வேன். நகல் எடுத்துப் பழகுங்கள், அதில் வெட்கமில்லை. டெட்ரிஸை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஆனால் வெளியிடுவதற்கு முன், மட்டையை எட்டாகப் பிரித்த ஆல்கார்னைப் போல, நீங்கள் சேர்த்தது இது என்று சுட்டிக்காட்ட ஒரு விதியாவது இருக்க வேண்டும். யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவர் பெயரையும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. “எவ்வளவு நேரம் ஆடுகிறாய்?” என்று மட்டும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். “என்ன ஆடுகிறாய், யார் செய்தது, இதில் உனக்கு எது பிடித்திருக்கிறது?” என்றும் கேளுங்கள். நல்ல புத்தகத்துக்கும் மோசமான புத்தகத்துக்கும் வித்தியாசம் சொல்லித் தரும் வீட்டில், நல்ல கேமுக்கும் மோசமான கேமுக்கும் வித்தியாசம் சொல்லித் தர முடியாதா?

பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சினிமாவுக்கு விமர்சனம் எழுத இடம் ஒதுக்குகிறீர்கள். வாரம் அரைப் பக்கம் வீடியோ கேமுக்கும் ஒதுக்குங்கள். எத்தனை கோடி வசூல் என்று எழுத வேண்டாம். எந்த விதி புதிது, அதைச் செய்தவர் யார் என்று எழுதுங்கள்.

நம் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று. பெரிய நிறுவனம் அடுத்து எதைச் செய்யலாம் என்று முடிவெடுப்பது, நாம் நேற்று எதை வாங்கினோம் என்ற கணக்கைப் பார்த்துத்தான். அதன் பயத்தை வளர்ப்பதும் நம் பணம். குறைக்கப் போவதும் நம் பணம். ஏழாம் பாகத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை, பெயர் தெரியாத இருவர் மூவர் உழைத்துச் செய்த முதல் பாகத்துக்குக் கொடுங்கள். அது பிடிக்காமலும் போகலாம். புதியதைத் தேடுகிறவர் கொடுக்க வேண்டிய விலை அது. அதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் ரசிகர் கூட்டம் இருந்தால்தான் எந்தக் கலையும் வளரும். அப்படி ஒரு கூட்டமாக நாம் இருப்போம்.